ஒன்பதாவது குமிழ்

பொத்தானை அழுத்தினால்
விசிறி அரைச் சுற்று சுற்றுகிறது.
நிற்கிறது.
ஏதோ சொல்ல வந்து
வேண்டாமென்று வாயை மூடிக்கொள்பவரைப் போல.

எட்டு மாதச் சீட்டுப் பணம் இது.
பெட்டி மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது.
ராம், காரைக்குடி செக்காலை ரோட்டில்,
பில் வேண்டாமென்றால் நூறு குறைப்பதாகச் சொன்னார்கள்,
வேண்டாமென்றேன்.
பிராசசர் மட்டும் பழசு.
திருச்சி பாலக்கரை ஜெரால்டு
பஞ்சில் சுற்றி மாத்திரை டப்பாவில் போட்டு
கூரியரில் அனுப்பிய
ஐயாயிரத்து இருநூறு ரூபாய்.

புதுவயலில் என் மாடி அறை.
சன்னலுக்கு அந்தப் பக்கம்
நான் கணக்கெழுதும் அரிசி ஆலை.
அதன் மோட்டார் எழும்போதெல்லாம்
என் டியூப் லைட் ஒரு தரம் கண் சிமிட்டும்.
முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன்.
ஆலை ஓடாத அமாவாசை வரை பொறுத்திருந்து
மறுபடி அழுத்தினேன்.
அரைச் சுற்று.

ராமைக் கழற்றி ரப்பரால் துடைத்தேன்.
இடம் மாற்றி, இரண்டு பக்கமும் டக்கென்று
கவ்வும் வரை அழுத்தினேன்.
பவர் சப்ளையைச் சுமந்துகொண்டு போய்
ஆலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன்.
அங்கே சமர்த்தாக ஓடியது.

மிச்சம் பிராசசர்.
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு எழுதினேன்:
'செத்ததை விற்றிருக்கிறீர்கள்.
பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைப்பா?'
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.
பதில் இல்லாததையும்
அவர் பற்றில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை
எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.
மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைக்
கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே கிடத்தினேன்.
இப்போது பொத்தான் கிடையாது.
நெல் முனை போல இரண்டு கம்பிகள்.
ஸ்க்ரூடிரைவர் நுனியால்
இரண்டையும் சேர்த்துத் தொட்டேன்.

விசிறி சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
பன்னிரண்டு ரூபாய் ஸ்பீக்கர்
ஒரே ஒரு பீப்.

துள்ளியிருக்க வேண்டும்.
ஜெரால்டு முகம் எனக்குத் தெரியாது,
ஆனாலும் அதுதான் வந்தது.

காலிப் பெட்டிக்குள் டார்ச் அடித்தேன்.
மதர்போர்டு தகரத்தில் படாமல் தூக்கிப் பிடிக்கப்
பித்தளைக் குமிழ்கள்.
எண்ணினேன். ஒன்பது.
போர்டில் ஓட்டை எட்டு.
ஒன்பதாவது
திருகு ஏற இடமில்லாமல்
ஈயப் புள்ளிகளின் முதுகில்
மூன்று வாரமாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

லாரிக்கு மூட்டை எண்ணுகிறவள் நான்.
எட்டு எழுதி ஒன்பது ஏறினால்
எடைமேடை தாண்ட விடமாட்டேன்.
போன மாசம் அப்படித்தான்
வைரவன் என்கிற லோடுமேனுக்கு
ஒரு நாள் கூலியைப் பிடிக்கச் சொன்னேன்.

குறடால் இரண்டு திருகு.
கையில் வந்தது,
உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன்.
திரை வந்தது. தேதி கேட்டது.
அதைக் காக்க வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.
'பிராசசர் நன்றாக இருக்கிறது.
தப்பு என் பக்கம். அப்படி எழுதியிருக்கக் கூடாது.'
அவ்வளவுதான், அதற்கே
ஆறு தரம் அழித்து எழுதினேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பதில்:
'சூடு எவ்வளவு காட்டுது தெய்வானை மேடம்?
சும்மா இருக்கையிலேயே அறுபதைத் தாண்டினா
பேஸ்ட் பத்தலைனு அர்த்தம்.'
மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பார்த்தேன்.
நாற்பத்தொன்று.

சன்னலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் எழுந்தது.
டியூப் லைட் சிமிட்டியது, திரை சிமிட்டவில்லை.
தேதி இன்னும் போடவில்லை.
வைரவனுக்குப் பிடித்தது ஐந்நூற்றைம்பது.
அன்றைக்கு அந்த மூட்டைகளை
ஒரு தரம் எண்ணினேனா,
இரண்டு தரமா?